சுத்தி வந்த பைப்பு

"எட்டடி தூரத்துக்கு முப்பதடி பைப்பு. ஏன்ப்பா யூஜின், இந்த பைப்பு என்ன ஊர் சுத்திப் பாக்கக் கிளம்பிடுச்சா?"

கான்ட்ராக்டர் கிருஷ்ணப்பா கேட்டதும் முதல் மாடியில் இருந்த அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். அவர் ஜோக் அடித்தால் சிரித்தே ஆகவேண்டும். ரிச்சர்ட்ஸ் டவுனில் எழும்பிக்கொண்டிருந்த அந்தக் கடைக் கட்டடத்தில் அதுவும் ஒரு வேலை.

எலக்ட்ரீஷியன் யூஜின் ஏணியிலிருந்து இறங்கினான். இருபது வருஷமாகச் சுவருக்குள் ஒயர் போகிற பைப் புதைக்கிறவன். இந்த மாதிரி நக்கலெல்லாம் அவனுக்குப் புதுசில்லை.

"நடுவுல தூண் வருது சார். அதான் மேல ஏத்தி, சீலிங் வழியா சுத்தி, அந்தப் பக்கம் இறக்கறேன்."

"தூண் வந்தா என்ன? அதுலயும் காடி வெட்டு, பைப்பைப் புதை, நேரா போ. நாளைக்குக் காலைல பூச்சு வேலைக்கு ஆளுங்க வந்து நிப்பாங்க. நீ இன்னும் ஏணில ஏறி இறங்கி விளையாடிட்டு இருக்க."

"சாதா சுவர்னா வெட்டிக்கலாம் சார். இது கான்கிரீட் தூண். ஒன்றரை இஞ்ச் ஆழம் வெட்டினா உள்ள இருக்கற கம்பி அறுந்துடும். இதுக்கு மேல மூணு மாடி நிக்குது."

"ஆஹா. நான் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன், இன்ஜினியர் வந்திருக்காரு. யாராவது சாருக்கு நாற்காலி போடுங்கப்பா."

மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை பிரகாஷ்தான் சத்தமாகச் சிரித்தான். அவனும் எலக்ட்ரீஷியன்தான். முதலாளி சொன்னால் எதை வேண்டுமானாலும் வெட்டுவான்.

யூஜினுக்குக் கோபத்தைவிடப் பரிதாபம்தான் வந்தது. கழுத்தில் வடம் மாதிரி செயின், கையில் ரெண்டு போன், ஊரெல்லாம் கான்ட்ராக்ட். தூணுக்குள்ளே என்ன இருக்கிறது என்பது மட்டும் மனுஷனுக்குத் தெரியவில்லை. தெரியாதவரிடம் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? பக்கத்தில் போய், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற பொறுமையோடு சொன்னான்.

"இங்க டியூஷன் சென்டர் வருதாம் சார். ஒரே நேரத்துல நூறு பசங்க உக்காருவாங்க. அரை நாள் குடுங்க, சாயங்காலத்துக்குள்ள முடிச்சுத் தர்றேன்."

"சாக்கு, சாக்கு. பாடம் நடத்தாதே. வெட்டுவியா, மாட்டியா?"

"தூணுல நான் கை வைக்க மாட்டேன் சார்."

"அப்போ பையைத் தூக்கிட்டுக் கிளம்பு. நாளைலேர்ந்து வராதே. பிரகாஷ், கிரைண்டரை எடு. பேகா, சீக்கிரமா முடி."

பத்தே நிமிஷம். தூசி அடங்கியபோது தூணின் குறுக்கே ஒரு காடி ஓடியிருந்தது. அதற்குள்ளே, அறுபட்ட கம்பிகளின் முனை பளபளத்தது. பிரகாஷ் பைப்பை அமுக்கி, மேலே சிமெண்டை அப்பி, கையைத் துடைத்துக்கொண்டான்.

"பாத்தியா?" என்றார் கிருஷ்ணப்பா, படியிறங்கிக்கொண்டிருந்த யூஜினிடம். "கட்டடம் இடிஞ்சு விழுந்துடுச்சா?"

அதற்கும் சிரித்தார்கள்.

மத்தியானமே வீடு திரும்பியவனைப் பார்த்ததும் மனைவி பெர்னதெத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"கடைசில வேலைதானே போச்சு?"

"எம்மேலயும் தப்பு இருக்கு. இன்ஜினியரைக் கூட்டிட்டு வந்து சொல்ல வெச்சிருக்கணும். பாவம், அந்தாளுக்கு ஒண்ணும் தெரியல."

"ஆமாமா, அவரு பாவம். நாம ரொம்ப நல்லா இருக்கோம்," என்றபடி தட்டை எடுத்து வைத்தாள். அவள் குரலில் பாவமும் இல்லை, ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை போன் அடித்தது. கிருஷ்ணப்பா. நேற்று அத்தனை பேர் எதிரில் கிழித்துத் தோரணம் கட்டிய அதே வாயில் இன்றைக்குத் தேன் ஒழுகியது.

"யூஜின், சாப்பிட்டியாப்பா? நேத்து ஏதோ டென்ஷன்ல பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதே. ஹொரமாவுல நம்ம சொந்த வீடு கட்றேன்ல, சுவர் வேலை முடிஞ்சிடுச்சு. ஒயரிங்குக்கு நீதான் வரணும்."



"என்கிட்ட லேட்டாகும் சார். பைப்பு சுத்திச் சுத்திப் போகும். பிரகாஷ்னா பத்து நிமிஷத்துல முடிச்சுடுவான்."

"அவனா? நல்லா சொன்ன போ," என்றார் கிருஷ்ணப்பா. "அந்தக் கழுதை தூணுல கிரைண்டரை வெச்சுடும்ப்பா. என் பிள்ளைங்க படுத்துத் தூங்கப்போற வீடு அது."