முறுக்கின் எச்சில்

இசைவாணியும் சேந்தனும் விவாகரத்தில் கரண்டி வரைக்கும் பிரித்தாயிற்று. முறுக்கு என்ற நாய் மட்டும் பாக்கி. அதன் வாயில் யாருடைய கிருமி அதிகமோ அவருக்கே நாய் என்பது சட்டம்.

முறுக்கின் எச்சிலைச் சோதித்துவிட்டு, கிருமிகளை வகைப்படுத்தும் அதிகாரி சிரித்தார். "இது யாருமே பார்க்காத புது இனம்மா. நாய்கிட்டயும் உங்க ரெண்டு பேர்கிட்டயும்தான் இருக்கு. நீங்க மூணு பேரும் பிரிஞ்சா அது அழிஞ்சிடும், ஒரே வீட்லதான் இருக்கணும். வேணாம்னா இந்த மாத்திரையைப் போட்டுக் கிருமியைக் கொன்னுக்கலாம். ஆனா, போட்டவங்களுக்கு நாய் கிடையாது."

இசைவாணி மாத்திரையைச் சேந்தன் பக்கம் தள்ளினாள். "முழுங்கித் தொலை!"

"உன் வாய்க்கு நீயே முழுங்குடி!" என்று அவன் திருப்பித் தள்ளினான்.

திட்டிக்கொண்டே ஒரே ஆட்டோவில் ஏறினார்கள். நடுவில் உட்கார்ந்த முறுக்கு, பாரபட்சமில்லாமல் இருவர் முகத்தையும் நக்கியது. துப்பட்டாவால் துடைக்கப்போன இசைவாணி, கிருமி போய்விடுமோ என்று கையை இறக்கினாள்.

சனியன், அவனும் துடைக்கவில்லை.