ஈரத் துண்டு

நன்மாறனுக்கு வேலைக்கான நேர்காணல் அவன் வீட்டுக் கூடத்திலேயே ஒரு மாதம் நடந்தது. வீட்டில் எப்படி நடந்துகொள்கிறான் என்று கம்பெனியின் கேமரா சுவரிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தது.

“வேலை வேணும்னா வீட்ல சண்டைச் சத்தமே கேக்கக் கூடாது சார்,” என்று அவனை நேர்காணலுக்குத் தயார்படுத்திய ஆலோசகர் சொல்லியிருந்தார்.

பழக்கம் விடாமல் அவன் ஈரத் துண்டைச் சோபாவில் போட்டபோதெல்லாம், வழக்கமாகக் காட்டுக்கத்தல் கத்தும் மனைவி அருளரசி, புன்னகையோடு எடுத்துக் காயப்போட்டாள். அவனுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

இன்று வேலை கிடைத்தது. கேமராவைக் கழற்றிக்கொண்டு போனார்கள். கதவைச் சாத்தியதும் அவன் வேண்டுமென்றே துண்டை நனைத்துச் சோபாவில் வீசினான்.

“இப்ப யாரும் பாக்கல அருளு. நல்லா திட்டு.”

அருளரசி துண்டை எடுத்தாள். சுவரில் கேமரா இருந்த இடத்தைப் பார்த்துப் புன்னகைத்தாள்.

“அதனால என்னங்க, நான் காயப்போடுறேன்.”