இரண்டாம் தட்டு

"வந்த வரிசையிலேயே வச்சிருக்கேன். இது ஒண்ணாம் தட்டு, இது ரெண்டாம் தட்டு. யாரும் கை வைக்கக் கூடாது" என்றபடி துப்பாக்கி மெக்கானிக் உள்ளறையிலிருந்து வந்து, இரண்டு தட்டுகளை மேஜைமேல் வைத்தார்.

ஒவ்வொன்றிலும் விரல் நீளத்தில் பளபளவென்று ஓர் உலோக வார்ப்பு.

வேட்டைக் கழகத் தலைவர் ஒண்ணாம் தட்டைப் பெருமையோடு பார்த்தார். எதிலும் அவர்தானே முதல்!

ஆட்கொல்லிச் சிறுத்தையைச் சுட்டது தலைவரின் தாத்தாவா, பொருளாளரின் தாத்தாவா என்பது நாற்பது வருடச் சண்டை. ஜெயிக்கும் தாத்தாவின் பெயர்தான் கழகத்தின் புதுக் கட்டடத்துக்கு. சிறுத்தையைச் சுட்ட காலித் தோட்டா கண்ணாடிப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. இரண்டு துப்பாக்கிகளிலும் தோட்டா உட்காரும் இடத்தில் உலோகத்தை உருக்கி ஊற்றி எடுத்த வார்ப்புகள் இவை. எது அந்தத் தோட்டாவோடு பொருந்துகிறதோ, அந்தத் தாத்தாவே வீரர்.

"அளந்துடலாமே" என்றார் பொருளாளர். விடிந்ததிலிருந்து காத்திருந்ததில் அவருக்கு இடுப்பே கழன்றுவிட்டது.

"ஒரு மணி நேரம் பொறுங்க. முதல்ல சுருங்கும், அப்புறம் விரிஞ்சுதான் சரியான அளவுக்கு வரும். அதுக்குள்ள நான் ஊத்தின குழலையும் கரண்டியையும் கழுவிடறேன். ஒட்டின துணுக்கெல்லாம் கொதிக்கிற தண்ணியில உருகி வந்துடும்."

"வெறும் தண்ணியிலயா உருகும்?" தலைவரின் காது விடைத்தது.

"மெழுகு மாதிரிங்க."

"நீங்க ரெண்டு பேரும் போய் டீ குடிங்க. கழுவறத நான் பாத்துக்கறேன்" என்றார் தலைவர்.

இருவரும் வாயைப் பிளந்தார்கள். வீட்டில் குடித்த டம்ளரைக்கூட நகர்த்தி வைக்காதவர் அவர்.

அவர்கள் தலை மறைந்ததும் தலைவர் கண்ணாடிப் பெட்டியைத் தட்டுகளின் பக்கத்தில் நகர்த்தினார். ஒண்ணாம் தட்டில் இருந்தது தோட்டாவைவிட ஒரு நக அளவு குட்டை. ரெண்டாம் தட்டில் இருந்ததோ அச்சு அசல்!

'தாத்தா, கவுத்துட்டியே!'

ரெண்டாம் தட்டைக் கொதிநீர்ச் சட்டியில் கவிழ்த்தார். வார்ப்பு தளர்ந்து, நெளிந்து, கரண்டித் துணுக்குகளோடு ஐக்கியமானது. வாழ்க்கையிலேயே முதன்முறையாகச் சட்டியையும் கழுவி வைத்தார்.

திரும்பி வந்த மெக்கானிக் திகைத்தார். "ரெண்டாவது எங்கே?"

"காணோம்!" தலைவர், கையெழுத்திட்ட போட்டி விதிக் காகிதத்தை மேஜைமேல் அறைந்தார். "நானே எழுதின விதி ஏழு! வார்ப்பு காணாமப் போனா அந்தத் துப்பாக்கி போட்டியிலேயே இல்ல. மறுபடி வார்க்கறதெல்லாம் கிடையாது. மிச்சம் இருக்கிற துப்பாக்கிக்குத்தான் வெற்றி!"

பொருளாளர் தட்டுகளை மாறி மாறிப் பார்த்தார். "உங்க விதி, நீங்களே சொல்லிட்டீங்க. ஒத்துக்கறேன்."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா சார்?" மெக்கானிக் தலைவரைப் பார்த்துத் தயங்கினார்.

"ஒரு தடவை சொன்னா சொன்னதுதான்!"

மெக்கானிக் பொருளாளரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வாழ்த்துகள் சார். நீங்க விடியக் காலையிலேயே வந்துட்டீங்க, ஒண்ணாம் தட்டு உங்களுது. தலைவர்தான் வழக்கம்போல லேட்டு."