கிழக்கே ஓடும் ஆறு

என் கணவர் அன்பரசன் எதை வாங்கினாலும் ஆணியால் எங்கள் போன் நம்பரைக் கீறிவிடுவார். கோயில் வாசலில் தொலைகிறது என்று செருப்பு வாரின் உட்புறமும் கீறுவார். மூன்று வருஷம் முன்பு, ஆடிப்பெருக்கன்று, திருவையாற்றுப் படித்துறையில் வழுக்கி விழுந்தவரைக் காவிரி இழுத்துப்போனது. கும்பகோணம் வரை தேடினோம். உடல் கிடைக்கவில்லை.

அடுத்த வருஷம் கல்லணையில் கிடைத்ததென்று ஒருவர் அவருடைய வாட்சைக் கொண்டுவந்தார். போன வருஷம் மேட்டூரிலிருந்து ஒரு மீன்காரம்மா பஸ் ஏறி வந்து பெல்ட்டைத் தந்தார். இருவரும் காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்கள்.

"நாப்பது வருஷமா வயலுக்குத் தண்ணி கட்டுறேன். ஆறு கிழக்கதானேம்மா ஓடுது, சாமான் எப்படி மேற்க போவும்?" என்றார் மாமனார்.

நேற்று குடகிலிருந்து ஒரு காபித் தோட்டத் தொழிலாளி வந்து ஒரு ஜோடி செருப்பை நீட்டினார்.

"தலைக்காவேரி கோயில் வாசல்ல கழட்டி விட்டிருந்துச்சுங்க. ரெண்டு நாளா யாரும் எடுக்கல."

வாரைப் புரட்டினேன். எங்கள் நம்பர். அவர் விழுந்த அன்று காலையில்தான் அதைப் புதிதாக வாங்கியிருந்தார். இப்போது இரண்டிலும் குதிகால் பக்கம் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது.