கலந்து வைத்த எண்

"பதினேழு," என்றார் அவர்.

அவள் டம்ளரைப் புருஷன் வாயருகே கொண்டுபோனாள். இரண்டு மிடறு குடித்தார். மீதி கழுத்தில் வழிந்தது.

தண்ணீருக்கும் பதினேழுதான். வலிக்கும் பதினேழுதான். பக்கவாதம் அவரிடம் விட்டுப்போனது அந்த ஒரு சொல்லைத்தான்.

"சார் நல்லா கணக்குப் போடுறாரு," என்று சிரித்துவிட்டுப் போனாள் நர்ஸ்.

மனைவி சிரிக்கவில்லை. அது எந்தப் பதினேழு என்று அவளுக்குத் தெரியும்.

மகள் ஆதிரைக்கு வயது பதினேழு. அதற்கு மேல் ஆகவில்லை. டெங்கு.

அன்று வாசலில் ஊரே கூடி நின்றது. "இன்னைக்கு ஒரு நாள் இருக்கட்டும்ங்க," என்று இவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

"நாலு மணிக்கு எடுத்துடலாம்," என்றார் அவர். பந்தல்காரரிடம் பேசுகிற அதே குரல்.

எடுத்துவிட்டார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தவர்தான். அதற்குப் பிறகு மகள் பேரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. கல்லுளிமங்கன். இவரெல்லாம் ஒரு மனுஷரா என்று அவள் நினைக்காத நாள் குறைவு.

இப்போது, வேறு எல்லாச் சொல்லும் போனபின், இதைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறார்.

போன் அடித்தது. சாதிக். ஆய்வகத்தில் அவர்களோடு வேலை பார்ப்பவன்.

"மேடம், சார் எண்ணைச் சொன்னாரா?"

அதுதான் இப்போது எல்லோருடைய கேள்வியும்.

பக்கத்து விண்மீன் மண்டலங்களின் தூரத்தை அளந்து அட்டவணை போடுவது அவர்கள் வேலை. பக்கம் என்றால், அங்கிருந்து ஒளி வந்து சேரவே பல லட்சம் ஆண்டு ஆகும். ஒரு விண்மீனின் உண்மையான ஒளி தெரிந்துவிட்டால் போதும். எவ்வளவு மங்கித் தெரிகிறதோ அவ்வளவு தூரம்.

ஆனால் அளக்கிறவர் மனசு சும்மா இருக்காது. மற்றவர்கள் சொன்ன விடைக்கே கை தானாகப் போகும்.

அதற்காக ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். படங்களைத் தயார் செய்யும்போதே அவர் எல்லா ஒளியிலும் ஒரே எண்ணைக் கலந்துவிடுவார். எல்லாம் ஒரு பொட்டு மங்கும். எல்லாம் ஒரு பொட்டு விலகிப்போகும். அவள் அது தெரியாமல் அளப்பாள். கடைசி மண்டலமும் முடிந்தபின் அவர் எண்ணைச் சொல்வார். கழித்துவிடுவார்கள். அதுதான் உண்மைத் தூரம்.

எண்ணை அவர் எங்கும் குறித்துவைத்ததில்லை. "எழுதி வச்சா நீ மோப்பம் பிடிச்சுடுவே," என்பார்.

போன வாரம் அட்டவணை முடிந்தது. எண்ணைச் சொல்வதற்குள் அவர் விழுந்துவிட்டார். எண் அவர் தலைக்குள்ளேயே தங்கிவிட்டது. அது கிடைக்காவிட்டால் இத்தனை வருட உழைப்பும் குப்பை. மறுபடி முதலிலிருந்து.

"எதைக் கேட்டாலும் பதினேழுங்கிறார் சாதிக். வேற வார்த்தையே வரல."



"மேடம்... அதுவா இருக்குமோ?"

"வாயை மூடு. அது என் பொண்ணு வயசு."

போனை வைத்துவிட்டாள்.

வைத்த கையோடேயே கட்டிலோரம் லேப்டாப்பைத் திறந்தாள்.

பலபேர் பலவழியில் அளந்து, தூரத்தில் சந்தேகமே இல்லாத மண்டலங்கள் ஒன்றிரண்டு உண்டு. எண்ணைக் கழித்துச் சரிபார்க்க மட்டுமே அவற்றைத் தொடலாம். அவற்றைப் பார்த்து எண்ணைப் பிடிப்பது காப்பி அடிப்பது மாதிரி.

ஒன்றை எடுத்தாள். பதினேழைக் கழித்தாள்.

பொருந்தியது.

இன்னொன்றை எடுத்தாள்.

அதுவும் பொருந்தியது.

"அடப்பாவி மனுஷா," என்றாள் வாய்விட்டு.

பதினாறாம் நாள் முடிந்து போய் உட்கார்ந்தாரே, அப்போது தயார் செய்த படங்கள்தான் இவை. யாரிடமும் வாய் திறக்காதவர், மகளைக் கொண்டுபோய் ஒவ்வொரு விண்மீனின் ஒளியிலும் கலந்து வைத்திருக்கிறார்.

தான் மட்டும்தான் அழுதோம் என்று இத்தனை காலம் நினைத்திருந்தாள். அளந்த ஒவ்வொரு தூரத்திலும் ஆதிரை இருந்திருக்கிறாள். அது தெரியாமல் இந்த மனிதரை எவ்வளவு வெறுத்தாள்.

அவர் பக்கம் குனிந்தாள்.

"என்னங்க... ஆதிரையா?"

இத்தனை வருடத்தில் அந்தப் பேர் அவர்கள் நடுவே வந்தது இப்போதுதான்.

அவர் வாய் கோணியது. கண்ணீர் காதோரம் இறங்கியது.

"பதினேழு."

மறுபடி போன்.

"மேடம், கோபப்படாதீங்க. ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்தீங்கன்னா..."

"பார்த்துட்டேன்ப்பா. பொருந்துது."

"அல்ஹம்துலில்லாஹ்!" அவன் கத்தியது வார்டுக்கே கேட்டிருக்கும். "எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க மேடம். இப்பவே மொத்தத்துல இருந்தும் எடுத்துடலாமா?"

அவருடைய வலது கை அசையாமல் கிடந்தது. இடது கை அவள் புடவை ஓரத்தைப் பிடித்திருந்தது. விடவில்லை.

"நாளைக்கு எடுத்துடலாம் சாதிக்," என்றாள். "இன்னைக்கு ஒரு நாள் இருக்கட்டும்."