கரகரப்பு

வாஷிங் மெஷினைத் தொட்டால் ரெஜினாவுக்கு விரல் நுனியில் சுருக்கென்றது. மெக்கானிக் காசிம் பின்பக்கத்தைக் கழற்றி, கரண்ட் கம்பிக்கும் இரும்பு உடம்புக்கும் நடுவே பற்றவைத்திருந்த நீல வில்லையைக் காட்டினார்.

"மெஷின் ஓடும்போது ரேடியோ கரகரக்காம இருக்க வச்ச கெபாசிட்டர்ம்மா இது. இது வழியாத்தான் கொஞ்சம் கசியுது. எர்த் போட்டா நின்னுடும். இது கெட்டுப்போனாலும் பயமில்ல, தானா அறுந்துக்கும். சாதா கெபாசிட்டர்னா கெடும்போது ஒட்டிக்கும், முழு கரண்டும் இரும்புக்கு வந்துடும்."

சுவரை உடைக்க வேண்டுமே என்று கணவர் அருள்தாஸ் எர்த் போடுவதைத் தள்ளிப்போட்டார்.

மழைக்காலத்தில், மெஷின் ஓடும்போதெல்லாம் அவருடைய ரேடியோ கரகரத்தது.

"ரெஜினா, மெஷினைத் தொட்டுப் பாரு. சுருக்குங்குதா?"

தொட்டாள். ஒன்றுமே இல்லை. அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. நீல வில்லை செத்துவிட்டது என்று அவர் கண்டுகொண்டார். பழைய டிவியிலிருந்து ஒரு பழுப்பு வில்லையைப் பிடுங்கி அந்த இடத்தில் பற்றவைத்தார்.

"சாதாவா இருந்தா ஒட்டிக்கும்னு காசிம் பாய் சொன்னாரேங்க."

"அளவு ஒண்ணுதான். அவருக்கு யாவாரம் ஆகணும்ல."

கரகரப்பு நின்றது. சுருக்கு திரும்பி வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓடிக்கொண்டிருந்த மெஷினுக்குப் பக்கத்தில் ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று ரெஜினா சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே, செய்திக்கு நடுவில் ரேடியோ கரகரத்தது. அருள்தாஸ் இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார்.

"ரெஜினா, மெஷினைத் தொட்டுப் பாரு."

"இருங்க, பாக்குறேன்" என்று அவள் கையிலிருந்த சோப்பு நுரையை நைட்டியில் துடைத்துக்கொண்டாள்.