அம்மாவுக்கு ஒரு குதிரை

"மாக்கஸ், கெதியா வா. உன்ர அம்மா குதிரை கேக்கிறா."

தொலைபேசியில் துஷாந்த் சொன்னது மாக்கஸுக்கு உடனே விளங்கவில்லை. துஷாந்த் அவனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். இப்போது கனடாவில், மல்வேர்னில் விமானச் சீட்டு அலுவலகம் வைத்திருக்கிறான். யாழ்ப்பாணம் போகிறவர்களும் லூர்து மாதாவிடம் போகிறவர்களும்தான் அங்கே வருவார்கள். குதிரைக்கு இதுவரை யாரும் வந்ததில்லை.

"எங்க போகப் போறாவாம்?"

"லெசோத்தோவுக்கு. ஆபிரிக்காவில. நானே இப்பதான் உலகப் படத்தில தேடிப் பிடிச்சனான்."

மாக்கஸ் மார்க்கம் நகரில் உள்ள தன் அலுவலகத்தில் திறந்த சாப்பாட்டுப் பெட்டியை அப்படியே மூடி வைத்துவிட்டுக் காரை எடுத்தான்.

அம்மா குளிருக்குப் போட்ட கோட்டைக்கூடக் கழற்றாமல் துஷாந்தின் மேசைக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஜோசப்பினுக்கு வயது அறுபத்து நான்கு. முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் இருபத்தாறு வருடம் நின்று உழைத்துப் போன வருடம்தான் ஓய்வு பெற்றவர். மாக்கஸ் ஒரே பிள்ளை.

"வந்திட்டியே? நல்லதாப் போச்சு. இஞ்ச பார் அப்பன், எப்பிடி ஒரு அருவி! அறுபது மாடி உயரத்தில இருந்து விழுகுதாம்."

கணினித் திரையில் மலைக்குப் பின்னால் மலையாக நின்றது. கழுத்து வரை கம்பளி போர்த்திய இரண்டு பேர் குதிரைகளில் சரிவொன்றில் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, உங்களுக்கு முழங்கால் வருத்தம்."

"அதுக்குத்தானே குதிரை. நடக்கிறது அதல்லோ, நானே?"

துஷாந்த் சிரிப்பை அடக்க இருமினான்.

"குதிரை ஓட உங்களுக்குத் தெரியுமே?"

"பிக்கரிங்குக்கு அங்கால ஒரு பண்ணையில அஞ்சு சனிக்கிழமை பழகினனான். றஜிதாதான் கூட்டிக்கொண்டு போனவள்."

றஜிதா அவனுடைய மனைவி. சனிக்கிழமைகளில் மாமியைப் பூசைக்குக் கூட்டிப் போவதாகத்தான் அவனிடம் சொல்லியிருந்தாள்.

"அங்க மலையில ஸ்னோ கொட்டும்."

"இஞ்ச என்ன, வெய்யில் கொளுத்துதே?"

"பாரிஸுக்குப் போங்கோ. லூர்துக்குப் போங்கோ. எங்க எண்டாலும் நான் அனுப்பிறன். உந்த மலைக் காட்டுக்கு மட்டும் வேண்டாம்."

"அது காடில்லை, மாக்கஸ். ராசா இருக்கிற நாடு. கோடைக்குப் பாட்டும் கூத்துமா ஊரே கூடுமாம். உன்ர அப்பா நாலு வரியம் கணக்குப் படிப்பிச்ச இடம்."

அது உண்மைதான். யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள் பலர் ஆபிரிக்க நாடுகளுக்கு வேலைக்குப் போன அந்த எண்பதுகளில் அப்பா நீக்கிலாஸும் போயிருந்தார். அப்போது அவருக்குக் கலியாணமாகவில்லை. பிறகு கனடாவுக்கு வந்து, படிப்பித்த கையால் டாக்ஸி ஓட்டி வீடு வாங்கினார், மகனைப் படிக்க வைத்தார். அந்த நாட்டைப் பற்றி மட்டும் அவர் அதிகம் பேசியதில்லை. போன மாசியில் இதயம் நின்று இறந்துபோனார்.

அடக்கம் முடிந்த இரண்டாம் கிழமைதான் அப்பா ஏன் பேசாமல் இருந்தார் என்பது, தொலைபேசிக்கு வந்த ஒரு செய்தியால் மாக்கஸுக்குத் தெரிய வந்தது. அன்றிலிருந்து ஆபிரிக்கா என்ற பேச்சு எழுந்தாலே அவன் வேறு கதைக்குத் தாவினான். தெரிந்ததை றஜிதாவிடம்கூடச் சொல்லவில்லை. அம்மா அந்த மண்ணில் கால் வைக்கக் கூடாது. வைத்தால், அப்பாவோடு வாழ்ந்த முப்பத்தைந்து வருடமும் அவருக்கு இல்லாமல் போய்விடும்.

"அம்மா," அவன் குரல் இறங்கியது. "அப்பா உங்கட மனசில நல்லா இருக்கிறார். அவர் அப்பிடியே இருக்கட்டுமே."

ஜோசப்பின் திரையிலிருந்து கண்ணை எடுத்து மகனைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"அவர் நல்ல மனுசன், மாக்கஸ். எனக்கு அதில ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. உனக்கு வந்திட்டுதோ?"

துஷாந்த் காரணமில்லாமல் மவுசை அங்குமிங்கும் நகர்த்தினான்.

"அன்ரி, குதிரைப் பயணம் ரெண்டு நாள். மலைக்குள்ள ஒரு ஊரில இரவு தங்கவேணும்," என்றான் மெதுவாக. "உங்களைத் தனிய அனுப்ப எனக்கும் மனம் வரேல்லை."

"தனிய ஆர் போகினம்? ரெண்டு பேருக்குப் போடும்."

அவர் கைப்பையைத் திறந்து இரண்டு கடவுச்சீட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று மாக்கஸுடையது.

"இதையும் றஜிதாதான் எடுத்துத் தந்தவளோ?"

"ஓம். உன்னை லீவு கேக்கவும் சொன்னவள்."

"நான் வரேல்லை அம்மா." "எனக்கு அங்க ஒருத்தரையும் தெரியாது."

ஜோசப்பின் கதிரையைத் திருப்பி, மகனின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"கலியாணம் பேசேக்கையே அப்பா எனக்கு எல்லாத்தையும் சொல்லிப்போட்டார், அப்பன். உனக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டுதான் எங்களுக்குக் கடைசி மட்டும் தெரியேல்லை. போன ஞாயிற்றுக்கிழமை உன்ர அக்கா அங்கயிருந்து ஃபோனில அழுதவள், 'தம்பி ஏன் இன்னும் என்ர மெசேஜுக்குப் பதில் போடேல்லை' எண்டு."